சுவரைப் பார்த்த நல்வரவு

எங்கள் தெருவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆட்கள் வருகிறார்கள். கிழக்குத் தாம்பரத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராக இருந்தாலும் கேட்பார்கள், நானும் கேட்டேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள். வாரம் முழுக்கக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் அடைந்து கிடப்பதால், சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைக் கண்டாலே அவர்களுக்குப் பரவசம் வந்துவிடுகிறது. முன்னால் ஒரு பெண் சின்ன மைக் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பழைய வீட்டின் கதையாகச் சொல்லிக்கொண்டே நடப்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, எங்கள் தெருவில் சரக்கு இருக்கிறது. முனையில் கப்பல் வீடு. கப்பலில் சமையல்காரராக இருந்தவர் கட்டியது. வட்ட வட்டமாக ஜன்னல்கள், மாடியில் கப்பல் மாதிரியே இரும்புக் கைப்பிடி, வாசலில் நிஜ நங்கூரம். ஐப்பசி மழைக்குத் தெருவில் முதலில் தண்ணீர் புகுவது அந்த வீட்டுக்குள்தான். அடுத்தது ரயில் வீடு. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் ஒடுக்கமாக நீண்ட மனை ஒன்று வந்து சேர, அறைக்குப் பின் அறையாக ஒரே வரிசையில் கட்டிவிட்டார்கள். குளியலறை கடைசியில். முதல் அறைக்காரர் குளிக்கப் போனால், வீட்டில் இருக்கிற எல்லோரையும் நலம் விசாரித்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் யாரிடமும் ரகசியம் கிடையாது.

அதற்கடுத்த வீடு எங்களுடையது. இங்கே வந்ததும் மைக் பெண் தண்ணீர் பாட்டிலைத் திறப்பாள். பேச ஒன்றுமில்லாத இடத்தில்தானே தண்ணீர் குடிக்க முடியும்? நாலைந்து வாரம் பொறுத்துப் பார்த்தேன். பொறுமை எனக்குப் பிறவியிலேயே குறைவு.

"ஏம்மா, இந்த வீட்டப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தெருவிலிருந்து தெரிவது கக்கூஸ் சுவர், அதிலிருந்து இறங்கும் குழாய், துவைக்கிற கல், கொடியில் காய்கிற என் நைட்டி. "இது நார்மல் வீடுதானே ஆன்ட்டி?" என்றாள்.

"இது வீட்டோட பின்பக்கம். முன்பக்கம் அந்தாண்ட இருக்கு."

"அப்டியா! அந்தத் தெருவுக்குப் போய்ப் பாக்கலாமா?"

"அந்தப் பக்கம் தெரு கிடையாது."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, பாட்டிலை மூடி, எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தப்பு தாத்தாவுடையது. அவர் அதைச் சாகும்வரை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் மனை வாங்கிய காலத்தில் இங்கே ஏரியும் முள்ளுக்காடும்தான். மனை விற்றவர் ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டியிருக்கிறார். அதில் கிழக்கே அறுபதடி ரோடு. ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள்கூட வரைந்திருந்தார்களாம். மேற்கே குப்பை வண்டி போவதற்கு ஒரு சந்து. அறிவுள்ள எவனும் ரோட்டைப் பார்த்துத்தானே வீடு கட்டுவான்? தாத்தா கிழக்கே பார்த்துக் கட்டினார். ஏனோதானோ என்றும் கட்டவில்லை. முன்பக்கம் இரண்டு உருண்டைத் தூண், தூணுக்கு ஒரு சிமெண்ட் சிங்கம், மூன்று சிவப்புப் படிகள், தேக்கில் இரட்டைக் கதவு. கதவுக்கு மேலே சிமெண்டில் புடைத்து நிற்கும் எழுத்தில் 'நல்வரவு'. சந்துப் பக்கம் கக்கூசையும் துவைக்கிற கல்லையும் தள்ளிவிட்டார்.

ரோடு வரவில்லை. குப்பைச் சந்து தெருவாகிவிட்டது.

கிரகப்பிரவேசத்தன்று கிழக்கே முள் மண்டிக் கிடந்ததால், பசுமாட்டைக்கூடத் துவைக்கிற கல்லைச் சுற்றித்தான் உள்ளே ஓட்டி வந்தார்கள். "ஆறு மாசத்துல ரோடு வந்துடும். ரோடு வர அன்னிக்குத்தான் முன்கதவத் தெறக்கணும். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது" என்று தாத்தா உத்தரவு போட்டார். ஆறு மாதத்தில் ரோட்டுக்குப் பதில் ஒரு மதில் சுவர் வந்தது. பின்மனையை வாங்கியவர் குரோம்பேட்டையில் இரும்புக் கடை வைத்திருந்த ஒரு பாய். அவருக்கு யாரும் வரைபடம் காட்டவில்லை போலும். தன் எல்லையில் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பிக்கொண்டார். எங்கள் கடைசிப் படி அந்தச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அந்த இடுக்கில் பூனைகள் மட்டும் தலைமுறை தலைமுறையாகக் குட்டி போட்டு வந்தன. 'நல்வரவு' அதுகளுக்குத்தான்.

ஆக, எங்கள் வீட்டின் முகத்தை நாங்களே பார்த்ததில்லை. மொட்டை மாடியில் குப்புறப் படுத்துத் தலையை நீட்டினால் சிங்கத்தின் பிடரியும் 'நல்வரவு'ம் தலைகீழாகத் தெரியும். சின்ன வயதில் நான் அப்படிப் படுத்துப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன். உள்ளே கூடத்தில், அந்த இரட்டைக் கதவை மறைத்து ஓர் இரும்பு பீரோ. அப்பாவுக்குக் கல்யாணமான கையோடு வந்த பீரோ அது. தாத்தா போன பிறகு உத்தரவு அப்பாவின் கைக்கு வந்தது. அப்பா ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். வண்டி தாமதமாக வரலாம், வராமலே போகாது என்பது அவர் கட்சி. யாராவது கதவைப் பற்றிக் கேட்டால், "ரோடு வரட்டும்" என்று பேப்பரைப் புரட்டுவார். கிழக்கே இப்போது மூன்று வரிசை வீடுகள், ஒரு ஜிம், ஒரு பிரியாணிக் கடை. அறுபதடி ரோடு வருவதென்றால் இவ்வளவையும் இடித்துக்கொண்டுதான் வர வேண்டும்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கக்கூசைத் தாண்டி, துவைக்கிற கல்லைத் தாண்டி, சமையலறை வழியாகக் கூடத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை, "நம்மள பின்வாசல் வழியாவா கூப்புட்றது?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுப் போய்விட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். என் வாயும் காரணம். ஆனால் வாய் தெரிவதற்குள்ளேயே எழுந்து போனவர்கள் உண்டு. அதில் எனக்கொன்றும் வருத்தமில்லை, பஜ்ஜி வீணானதைத் தவிர.

வருத்தம் அம்மாவுக்குத்தான். அவள் வருத்தம் கல்யாணத்தன்றே ஆரம்பித்தது. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து புதுப் பெண்ணாக வந்து இறங்கியவளைத் துவைக்கிற கல்லருகே நிறுத்தி ஆரத்தி எடுத்தார்கள். "வலது கால எடுத்து வெச்சு வாம்மா" என்றார்கள். எடுத்து வைத்தாள். யாரோ காலையில் துவைத்த சோப்புத் தண்ணீர். வழுக்கி, கல்லில் வலது முழங்கால் மோதி, பட்டுப் புடவையோடு உட்கார்ந்துவிட்டாள். ஊரே சிரித்ததாம். அப்பாவும் சிரித்தாராம். அதை மட்டும் அம்மா இன்றுவரை விடவில்லை.

இப்போது அம்மாவுக்கு எண்பதை நெருங்குகிறது. வலது முழங்கால் மடங்காது, தூக்கினால் எழும்பாது. டாக்டர், "வயசு" என்கிறார். அப்பாவும் "வயசு" என்கிறார். அம்மா, "துவைக்கிற கல்லு" என்கிறாள். "ஒரே ஒரு தடவ இந்த வீட்டுக்குள்ள முன்வாசல் வழியா மரியாதையா வரணும்டி, அதுக்குள்ள கண்ண மூடிடக் கூடாது" என்று கறிவேப்பிலை உருவிக்கொண்டே சொல்வாள். வேறு எதையும் அவள் கேட்டதாக எனக்கு நினைவில்லை. காசிக்குக்கூடப் போக வேண்டாம் என்றுவிட்டாள். நாங்கள் அதைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிப்போய் விட்டுவிட்டோம்.

போன வருஷம் மழைக்கு முன்னால், இரும்புக் கடை பாயின் மகன் வந்தார். அவரும் பாய்தான், என் வயதுதான் இருக்கும். அதே கடையில் கீல், தாழ்ப்பாள், பூட்டு எல்லாம் விற்கிறார். "சார், பழைய வூட்ட இடிச்சிட்டுப் பசங்களுக்கு மாடி வெச்சுக் கட்டப் போறேன். மதில் சுவரும் விழும். தூசி வரும், கோச்சிக்காதீங்க" என்றார். அப்பா, "அதனால என்ன பாய்" என்றார். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"சுவரு திரும்ப எழுப்புவீங்களா பாய்?"

"எழுப்பணும்மா. மழைக்கு முன்னாடியே எழுப்பிடுவேன்."

மூன்றாம் நாள் சுவர் விழுந்தது. நான் ஓடிப்போய்ச் சுற்றிக்கொண்டு பாயின் மனைக்குள் நுழைந்து பார்த்தேன். என்னத்தைச் சொல்ல! இத்தனை வருஷம் கக்கூஸ் குழாய் வீடு என்று பெயரெடுத்த எங்கள் வீடு, ஜமீன் மாதிரி நின்றுகொண்டிருந்தது. வெயிலும் மழையும் சரியாகப் படாததால் சிங்கங்களின் பல்கூடத் தேயவில்லை. படிகளில் சிவப்பு நேற்றுப் பூசியது போல இருந்தது. ஒருத்தர் காலும் பட்டதில்லையே. சுவர் இடித்த மேஸ்திரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னாக்கா இது, வூட்டத் திருப்பிப் போட்டுக் கட்டிக்கீறாங்க? இம்மாம் ஷோக்கா கீது, இத்தப் போய் செவுத்துக்குக் காட்டிகினு இருந்தீங்களே!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரிடம் சண்டை போடலாம் என்று பார்த்தேன். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லாததால் முடியவில்லை.

அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அம்மா விஷயத்துக்கு வந்தாள். "ஏங்க, சுவரு போயிடுச்சு. பீரோவ நகத்திக் கதவத் தெறங்க. நான் அந்தப் பக்கமா ஒரு தடவ வந்துடறேன்."

"ரோடு வரலையே" என்றார் அப்பா.

"இனிமே எங்கேருந்து வரும்?"

"அது எங்கப்பா சொன்ன வார்த்த. வரலன்னா தெறக்கக் கூடாது."

"அவர் போய்ச் சேந்தே எத்தன வருஷம் ஆச்சு!"

"ரசம் ஊத்து" என்றார் அப்பா.

அம்மா ஊற்றினாள். அதன் பிறகு பேசவில்லை. எங்கள் வீட்டில் சண்டை என்றால் சத்தம் இருக்காது. ரசத்தில் உப்பு இருக்காது. அப்பா உப்பில்லாத ரசத்தை மறுவார்த்தை சொல்லாமல் குடித்தார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய் அலுத்தேன். "அப்பா, அவ கேக்கறது ஒரே ஒரு விஷயம்" என்றேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். எனக்கு ஐம்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. இன்னும் எப்போது தெரியும் என்று அவர் சொல்லவில்லை. மனுஷர் ஒருநாள்கூட அந்தப் பக்கம் போய் வீட்டைப் பார்க்கவில்லை. போனால் மனது மாறிவிடும் என்று பயம் என்று நினைக்கிறேன். பாய் வேறு வந்து தலையைச் சொறிந்தார். "அக்கா, கல்லு வந்து எறங்கிடுச்சு. வானமும் கறுத்துகினு வருது. நாளன்னிக்கு சுவரு வேல ஆரம்பிக்கணும்" என்றார். அம்மா அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் காலை அம்மா குளித்து, அரக்குப் பட்டுப் புடவை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஆட்டோ கூப்புடு" என்றாள். கோயிலுக்கு என்று நினைத்து நானும் கூடவே ஏறினேன். அப்பா கூடத்தில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார், எங்கே என்று கேட்கவில்லை.

"எங்கம்மா போணும்?" என்றார் ஆட்டோக்காரர்.

"எங்க வீட்டுக்கு" என்றாள் அம்மா.

"வூட்லேந்து தானம்மா ஏறுன?"

"அது பின்வாசல். நீ வண்டிய எடு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. "எடுங்கண்ணா, வழி நான் சொல்றேன்" என்றேன். கப்பல் வீட்டு முனையில் திரும்பி, பிரியாணிக் கடையைத் தாண்டி, பாயின் தெருவில் நுழைந்து, கருங்கல் குவியலுக்குப் பக்கத்தில் இறங்கினோம். பாயும் மேஸ்திரியும் புதுச் சுவருக்கு அளவு பார்த்து நூல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கைத்தடியை ஊன்றி மெதுவாக நடந்து, படிகளுக்கு முன்னால் வந்து நின்றாள். தலையைத் தூக்கி முதலில் சிங்கங்களைப் பார்த்தாள், அப்புறம் எழுத்தைப் பார்த்தாள். "நல்வரவாம்" என்றாள். அழுவாளோ என்று பயந்தேன். அவள் கைத்தடியை நீட்டிக் கதவை ஓங்கித் தட்டினாள்.

அந்தக் கதவை அதுவரை யாரும் தட்டியதில்லை. உள்ளே பேப்பர் சரசரக்கும் சத்தம் நின்றது.

"யாரு?" என்றது அப்பாவின் குரல், பீரோவுக்குப் பின்னாலிருந்து.

"நான்தான். தெறங்க."

பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "பின்பக்கமா வா" என்றார்.

"வர மாட்டேன்."

"ரோடு வரட்டும்னு சொன்னேன்ல?"

"ரோடு எதுக்குங்க? ஆளு வர்றதுக்குத் தான? ஆளே வந்து நிக்கறேன். இதுக்கு மேல ரோட்ட வெச்சுகினு என்ன பண்ணப் போறீங்க?"

மேஸ்திரி நூலைக் கீழே போட்டுவிட்டார். பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். கதவு திறக்கவில்லை. அம்மா தடியில் இரண்டு கையையும் ஊன்றி நின்றுகொண்டே இருந்தாள். மேஸ்திரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். "ஒக்காரும்மா, வெயில்ல பேஜார் பண்ணிக்காத" என்றார். அம்மா உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும், அதற்குள் கதவு திறந்துவிட்டால்? அப்படித்தான் சொன்னாள். அப்பாமேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கதவை உடைத்துவிடலாமா என்றுகூடப் பாயிடம் கேட்டேன். "தேக்குக்கா" என்றார் வருத்தமாக.

அப்போது உள்ளே கிரீச்சென்று ஒரு சத்தம். பீரோ கதவு திறக்கிற சத்தம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது நன்றாகத் தெரியும். எண்ணெய் போடச் சொல்லி அம்மா வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தாள். நான் சுற்றிக்கொண்டு ஓடினேன். பின்வாசல் வழியாக நுழைந்து பார்த்தால், அப்பா பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தார். அம்மாவின் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊஞ்சல் மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். "கனமா இருக்கு, காலி பண்ணாத்தான் நகரும்" என்றார் என்னைப் பார்க்காமல். வாழ்க்கையில் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்த தருணங்களில் அதுவும் ஒன்று.

பாயும் அவர் ஆட்களும் எங்கள் பின்பக்கமாக வந்து பீரோவைத் தள்ளினார்கள். பின்னால் ஒட்டடை, ஒரு பழைய சீப்பு, காணாமல் போன என் ஸ்கூல் பதக்கம். தாழ்ப்பாள் துருப்பிடித்து அசைய மாட்டேன் என்றது. பாய் எண்ணெய்க் குப்பியோடு வந்து சொட்டுச் சொட்டாக விட்டுத் தட்டித் தட்டிப் பார்த்தார். "இந்த மாதிரித் தாழ்ப்பாள் இப்ப வர்றதில்ல சார். எங்கப்பா கடையில வாங்குனதாத்தான் இருக்கும்" என்றார். அப்பா, "இருக்கும்" என்றார். நான் அதற்குள் சமையலறைக்கு ஓடி மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தித் தட்டோடு வந்தேன். தாழ்ப்பாள் விட்டது. இரண்டு கதவையும் பாய் உள்பக்கம் இழுத்தார். கூடத்துக்குள் அதுவரை வராத பக்கத்திலிருந்து வெயில் வந்து விழுந்தது. நடுவில் அம்மா நின்றுகொண்டிருந்தாள், பூ சரிந்து, வேர்த்து.

நான் ஆரத்தி எடுக்கப் போனேன். அப்பா தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஆண்கள் ஆரத்தி எடுத்து நான் பார்த்ததில்லை. அவருக்கும் எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியவில்லை. தப்பாகத்தான் சுற்றினார். ஒருவரும் திருத்தவில்லை.

"வலது கால எடுத்து வெச்சு வா" என்றார், குரலைச் சரிசெய்துகொண்டு.

அம்மா படியோரத் தூணைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கப் பார்த்தாள். எழும்பவில்லை. மறுபடி பார்த்தாள். "வராதுங்க" என்றாள். "அது அன்னிக்கே போச்சு."

அப்பா அவள் முழங்காலைப் பார்த்தார். வயசு என்று அவர் சொல்லவில்லை. தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, ரோடு வராத வாசலில், யார் காலும் படாத சிவப்புப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்தார்.

"எந்தக் கால் வருதோ, அத வெச்சு வா" என்றார்.

அம்மா இடது காலை எடுத்து வைத்தாள்.